சிறுகுறிஞ்சானும் நீலச் சாயமும்

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, புடவைகளையும் ஊறுகாய்ப் புட்டியையும் ஒதுக்கிவிட்டு நேராக இலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். நிழலில் உலர்த்திய, பச்சை மங்காத இலைகள். முகர்ந்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது புரிந்ததும் எனக்குப் பயத்துக்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"இது சிறுகுறிஞ்சான். நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று உங்கள் நாட்டு ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க எடுத்து வந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தை நம்பினார். இலையை நம்பவில்லை.

ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று காட்டினேன். அவரிடமும் ஒன்றை நீட்டினேன். ஏன் வாங்கினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மென்றார், கசப்பில் முகம் சுளித்தார். மேசையில் அவருடைய காப்பியும் சர்க்கரைக் கட்டிகளும் இருந்தன. ஒன்றைப் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினேன். போட்டுக்கொண்டார்.

அவர் தாடை நின்றது. கட்டியைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இன்னொரு கட்டியை எடுத்து நக்கினார். "மணல்" என்றார் மெதுவாக. நான் "ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி, என் பக்கம் தள்ளிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். ஒரு நாடு என்னைப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர்; சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர். எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலத் தொடக்கத்தில், அவர் மகள் கம்பளிச் சட்டைக்கு மேல் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு டென்மார்க்குக்குள் நடந்து போனாள்.

பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. தெருக்களில் ஆளில்லை. ஆனால் எல்லா ஜன்னல்களிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. திரைச்சீலை போடுகிற வழக்கம் இல்லை. உள்ளே மேசை, நாற்காலி, விரித்து வைத்த பத்திரிகை எல்லாம் தெரியும். மனிதர்கள் மட்டும் தெரியமாட்டார்கள். யாருக்காக ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க யோசித்தேன்.

ஆய்வுக்கூடம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. அதன் தலைவி கிர்ஸ்டன் ஐம்பது வயதைத் தாண்டியவர். முரட்டுக் கம்பளி ஸ்வெட்டர், மரக்கட்டைச் செருப்பு. தினமும் காலையில் வந்ததும் இன்குபேட்டரைத் திறந்து, "காலை வணக்கம், குட்டிகளே" என்பார். உள்ளே கண்ணாடித் தட்டுகளில் இளஞ்சிவப்பு நீர். அதில் வெள்ளை எள்ளைத் தூவினாற்போலச் சில புள்ளிகள். எலியின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த திட்டுகள் அவை. இன்சுலின் சுரப்பது அந்தப் புள்ளிகள்தான்.

"எலி எங்கே?" என்று கேட்டேன்.

"எலி போன வாரமே இறந்துவிட்டது" என்றார் கிர்ஸ்டன். "இவற்றுக்கு அது இன்னும் தெரியாது."

வேலை இதுதான். சர்க்கரை கலந்த நீரை விட்டால் திட்டுகள் இன்சுலின் சுரக்கும். சர்க்கரை இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நான் கொண்டுவந்த இலைச்சாறுகளை ஒவ்வொன்றாக அவற்றின் மேல் விட்டு, எது கூடுதலாகச் சுரக்கவைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, வேங்கைப்பட்டை என்று வரிசையாக வைத்தோம். பெரும்பாலானவை எதுவும் செய்யவில்லை. "பெரும்பாலானவை எதுவும் செய்யாது. அதற்குத்தான் சம்பளம்" என்றார் கிர்ஸ்டன்.

முதல் சனிக்கிழமை, நாட்டின் மேற்கே உள்ள ஹேர்னிங் என்ற ஊருக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. நான் இலை பறித்தது ராமநாதபுரம் பக்கம். மண்டபம் அகதி முகாமில் இருந்த மன்னார்ப் பெண்மணி ஒருவர், டென்மார்க் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் தன் மகனுக்கு ஒரு பார்சல் கொடுத்தார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா என்கிற பனங்கிழங்கு மாவு, பிறகு நான் பறித்ததிலேயே ஒரு பிடி குறிஞ்சா இலை. "என்ரை பிள்ளையள் இலைக்கஞ்சி குடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றார். எனக்கு அது மருந்து. அவருக்கு அது காலைச் சாப்பாடு.

கோபன்ஹேகனிலிருந்து ஹேர்னிங் போகிற வழியில் ரயில் கடலுக்குள் போகிறது. மிகைப்படுத்தவில்லை. கரையின் விளிம்பில் ஒரு கப்பல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து அதன் வயிற்றுக்குள் தள்ளிச் சங்கிலி போட்டுவிடுவார்கள். பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நான் ரை தானிய ரொட்டியின் மேல் ஊறவைத்த மீனை வைத்துச் சாப்பிட்டேன். மீன் இனித்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் ஏதோ கறுப்பு மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் உப்புக் கரித்தது. இந்த ஊரில் இனிப்பையும் உப்பையும் யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

ஹேர்னிங்கில் ஒரு ரொட்டிக்கடை வாசலில் தள்ளுவண்டி ஒன்று நின்றது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. நம் ஊரில் மாட்டைக்கூட அந்தக் குளிரில் வெளியே கட்டமாட்டார்கள். விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் காவலாக நின்றேன். கடையிலிருந்து வெளியே வந்த தாய் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். குளிரில் தூங்கினால்தான் குழந்தைக்கு நல்லது என்பது இவர்கள் நம்பிக்கை என்று பிறகு தெரிந்தது.

பார்சல் கொடுத்த அம்மாவின் மகன் பெயர் சேவியர். துணித் தொழிற்சாலையில் வேலை. மனைவி இன்னும் மன்னாரில். வீட்டில் அவரும் தங்கை ஸ்டெல்லாவும் மட்டும்தான். ஸ்டெல்லாவுக்கு இருபது வயது. அண்ணனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷ் வார்த்தைகளைத் தொண்டைக்குள்ளிருந்து உச்சரித்துக் காட்டிச் சிரித்தாள். "அக்கா, இந்தப் பாஷை கதைக்கிறதுக்கு வாய்க்குள்ளை ஒரு சுடுகிழங்கு வைச்சிருக்கோணும்."

அவள்தான் கஞ்சி காய்ச்சினாள். பச்சரிசி, தேங்காய்ப்பாலுக்குப் பதில் டின் பால், நொறுக்கிய குறிஞ்சா இலை. சேவியர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நானும் குடித்தேன். குடித்து முடித்ததும், விருந்தாளிக்கென்று வாங்கி வைத்திருந்த பேஸ்ட்ரியை ஸ்டெல்லா வெட்டிக் கொடுத்தாள். சேவியர் ஒரு கடி கடித்துவிட்டு நிறுத்தினார்.

"டேனிஷ்காரன் சீனி போட மறந்திட்டான்."

"இல்லண்ணே, இலை வேலை. நாக்குல இனிப்புத் தெரியாது" என்றேன்.

"ஓம் ஓம், சின்னனிலை பள்ளிக்கூடத்திலை இதாலைதானே பகிடி விடுறனாங்கள்!" என்று அவர் சிரித்தார். பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேஸ்ட்ரியை மென்றோம். ஈரச் சுண்ணாம்பு. ஸ்டெல்லா தன் தட்டில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் எல்லாரும் என்னை மாதிரி ஆகியிருக்கிறியள்" என்றாள்.

அவளுக்குப் பதினான்கு வயதில் நீரிழிவு வந்திருக்கிறது. வயதானவர்களுக்கு மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல. உடம்பு இன்சுலினை அடியோடு சுரக்காத வகை. தினம் ஊசி போட்டாக வேண்டும். போடாவிட்டால் சில நாள்தான். மன்னாரில் பாதை மூடி, ஐஸ் ஆலையும் நின்ற காலத்தில், மருந்துப் போத்தலை மண்பானைக்குள் ஈரமணல் போட்டுப் புதைத்து வைத்துக் காப்பாற்றியதை அவள் கதையாகச் சொன்னாள். "வெக்கை பட்டா மருந்து செத்துப்போம் அக்கா. ரா முழுக்க எழும்பி எழும்பி மணலை நனைப்பம். இஞ்சை பாருங்கோ, நாடே ஃபிரிட்ஜ்!"

சேவியர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள். நேராக் கேக்கிறன். இந்த இலையாலை ஊசியை விடலாமோ? ஒஸ்லோவிலை இருந்து ஒரு பகுதி இவளைப் பொம்பிளை பாக்க வரப்போகுது. டிசம்பரிலை, நத்தாருக்கு முதல் வருவினம். ஊசி விசயம் அவையளுக்குத் தெரியாது. தெரிஞ்சால் வாசல்படி மிதிக்கமாட்டினம்."

"அதைத்தான் அங்க சோதிச்சிட்டிருக்கோம் அண்ணே. முடிவு தெரியற வரைக்கும் ஊசியை நிறுத்தவே கூடாது. தெரிஞ்சதும் நானே போன் பண்றேன்."

"எப்ப தெரியும்?"

"வர்ற வாரம் இந்த இலையோட முறை."

அவர் தலையாட்டினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது ஸ்டெல்லா என் காதருகே, "நல்ல முடிவாச் சொல்லுங்கோ அக்கா" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாளா, கெஞ்சினாளா என்று எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை சிறுகுறிஞ்சானின் முடிவு வந்தது. அளக்கும் இயந்திரம் நிற்காமல் எண்களைத் துப்பியது. சர்க்கரைக்குச் சுரக்கிற அளவைவிடப் பல மடங்கு. பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கிர்ஸ்டன் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு வழக்கம் உண்டு. நல்ல செய்தி யாருடையதோ அவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும்" என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கேக் வாங்கினேன். தெருமுனையில் தொலைபேசிக் கூண்டு இருந்தது. காசைப் போட்டு ஹேர்னிங் எண்ணைச் சுழற்றினேன். மணி அடிக்கவில்லை. ஒரு பெண்குரல், பதிவு செய்த குரல், எனக்குப் புரியாத ஒரு வாக்கியத்தை டேனிஷில் திரும்பத் திரும்பச் சொன்னது. காசு அடியில் வந்து விழுந்தது. மறுபடி போட்டேன். அதே குரல், அதே வாக்கியம். கூண்டுக் கண்ணாடியில் என் மூச்சு படிந்து உறைந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகக் கடும் உறைபனி; தொலைபேசிக் கம்பி ஏதோ பழுது போல. கேக் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

நடக்கும்போதுதான் அந்த ஓரத்துத் தட்டு நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு சாற்றுக்கும் ஒரு தட்டில் சர்க்கரையே சேர்க்காமல் விடுவோம். அது சும்மா இருக்க வேண்டிய தட்டு. தாளில் அந்தத் தட்டும் அதே அளவுக்குக் கொட்டியிருந்தது. யாரும் கேட்காதபோது, தேவையே இல்லாதபோது, இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஏன் கொட்ட வேண்டும்?

கேக்கைப் பிரிக்காமல் வைத்துவிட்டு நீலச் சாயப் புட்டியை எடுத்தேன். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல்லுக்கு மறிக்கக் கதவில்லை. ஒரு சொட்டு விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன்.

நீலம். ஒரு திட்டு விடாமல், ஓரம் முதல் நடுவரை, மை ஊறிய பஞ்சுபோல நீலம். சாறு அவற்றின் தோலைக் கிழித்துவிட்டிருந்தது. உள்ளே சேர்த்து வைத்திருந்த இன்சுலின் அத்தனையும் வெளியே ஒழுகியிருந்தது. நாங்கள் காலையிலிருந்து கொண்டாடியது அதைத்தான்.

கிர்ஸ்டன் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். "நீயாகவே சாயம் போட்டாயா?"

"ஆமாம்."

"நான் நாளைக்குப் போடச் சொல்லலாம் என்றிருந்தேன்." கத்தியை எடுத்தார். "கேக் வாங்கியாயிற்று. சாப்பிட வேண்டியதுதான்."

சாறு வேறு, காய்ச்சிக் குடிக்கிற இலை வேறு. கஞ்சியில் அப்படி எதுவும் நடக்காது. ஆனால் ஊசியை விடலாம் என்று சொல்ல என் கையில் இப்போது எதுவுமே இல்லை. கிர்ஸ்டனின் அறையிலிருந்த தொலைபேசியில் ஹேர்னிங்கை அழைத்தேன். இந்த முறை உடனே கிடைத்தது.

"பிள்ளை!" என்றார் சேவியர். "நானே எடுக்கோணும் எண்டிருந்தன். உங்கடை இலை வேலை செய்யுது! திங்கள்ல இருந்து ஊசி இல்லை. காலமை கஞ்சி, பின்னேரம் கஞ்சி. மூத்திரத்திலை சீனி பாக்கிற குச்சி நிறமே மாறேல்லை. ஃபிரிட்ஜிலை கிடந்த போத்திலை நானே குப்பையிலை போட்டிட்டன்."

"அண்ணே, நிறுத்தாதீங்கன்னு சொன்னேனே!"

"நிறுத்தினதாலைதானே தெரிஞ்சுது! நீங்கள் எலியிலை பாக்கிறியள். நான் ஆளிலை பாத்திட்டன்."

"எங்க சோதனை தோத்துப்போச்சு அண்ணே. அது சுரக்க வைக்கல, செல்லைக் கொல்லுது. இப்பவே ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளையை என்னெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது? இந்தா, அவளோடையே கதையுங்கோ."

ஸ்டெல்லா வந்தாள். "ஓம் அக்கா. நல்லாயிருக்கிறன்" என்றாள். குரல் காய்ந்திருந்தது. அடுத்து ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் விழுங்கும் சத்தம். நீண்ட நேரம் விழுங்கினாள். "நல்லாயிருக்கிறன்" என்று மறுபடியும் சொன்னாள், அந்தக் கூண்டுக்குள் கேட்ட பதிவுக் குரல்போல.

இன்சுலின் சுரக்காத ஓர் உடம்பு, ஊசியும் இல்லாமல், சர்க்கரையும் கசியாமல் நாலாவது நாளாக நடமாடுகிறது. அப்படி ஒன்று நடக்கவே முடியாது. ஆனாலும் ஒரு நிமிடம் அந்தக் குச்சியை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. என் இலை, என் பெயர், தீப்பெட்டி ஆபீஸ்காரர் மகள். கிர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஹேர்னிங் மருத்துவமனைக்கு அவரே பேசினார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிற ஒருவரை வீடு புகுந்து தூக்கிவர எங்களால் முடியாது என்றார்கள்.

"குச்சி பொய் சொல்லாது," என்றார் கிர்ஸ்டன். "குச்சியை எதில் தோய்த்தார்கள் என்பதுதான் கேள்வி. காலையில் முதல் வண்டியில் போ."

வெள்ளிக்கிழமை மூடுபனி கடலையும் வானத்தையும் ஒன்றாக்கியிருந்தது. கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மேல்தளத்தில் சாப்பாட்டு அறை காலியாக இருந்தது. தட்டுகள் மட்டும் ஒன்றோடொன்று உரசி முனகின. சங்கு ஊதியதும் கீழே இறங்கி ஓடினேன். வயிற்றறையில் ரயில் பெட்டிகள் வரிசை வரிசையாக, விளக்கு மங்கி, எல்லாம் ஒரே நிறத்தில் நின்றன. ஏறினேன். என் இருக்கையில் ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

நெடுநேரம் கழித்துத்தான், ஜன்னலுக்கு வெளியே கோல்டிங் என்ற பலகை வந்து நின்றபோது, தவறான பெட்டியில் ஏறியிருப்பது தெரிந்தது. கப்பலிலிருந்து வெளியேறும் பெட்டிகள் வேறு வேறு ஊர்களுக்குப் பிரிந்து போகும். என் பை போன பெட்டி வடக்கே போய்விட்டது. இறங்கினேன். மரங்கள், கம்பிகள், கைப்பிடிகள் எல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தன. பிளாட்பாரத்தில் ஒரே ஒரு ஊழியர். "ஹேர்னிங்" என்றேன். அவர் நான் வந்த திசையையே காட்டினார். "திரும்பிப் போய், மாறி, மறுபடி மாறு" என்றார். கடவுளே, அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை என்று தமிழில் சொன்னேன். புரிந்ததுபோல அவர் தொப்பியைத் தொட்டார்.

ஹேர்னிங் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வடிய ஆரம்பித்திருந்தது. அதே ரொட்டிக்கடை, அதே தள்ளுவண்டி. போர்வை விளிம்பில் உறைபனி படிந்திருந்தது. இந்த முறை குழந்தை தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். வீட்டில் விளக்கு போடவில்லை. ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி. இவளும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் மிளகாய்த்தூள் மணந்த வீட்டில் இப்போது வேறு வாசனை. அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாசனை. பழக்கூடையைத் தேடினேன். கூடையில் பழமே இல்லை. அவள் "வாங்கோ அக்கா" என்றபோதுதான் தெரிந்தது, அது அவள் மூச்சிலிருந்து வருகிறது என்று. ஊசி மருந்து இல்லாத உடம்பு தன்னையே எரித்துத் தின்கிறபோது வருகிற வாசனை அது. புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றுதான் முகர்ந்தேன்.

"ஸ்டெல்லா, எத்தனை நாளா ஊசி போடல? உண்மையச் சொல்லு."

"போடுறனான் அக்கா." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணைக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் போடுறனான். அவர் எறிஞ்சது ஒரு போத்தில். மற்றதை நான் முதலே எடுத்து ஒளிச்சு வைச்சிட்டன். முதல் ரெண்டு நாள் நல்லா வேலை செய்தது. பிறகு என்னெண்டு தெரியேல்லை, எவ்வளவு போட்டாலும் கேக்குதில்லை."

"எங்க ஒளிச்சு வச்ச?"

பால்கனிக் கதவைத் திறந்தாள். வெளியே பூத்தொட்டி ஒன்று, செடி கருகிப்போய் நின்றது. கரண்டியால் மண்ணைக் குத்தினாள். மண் கல்லாகியிருந்தது. நான் வாங்கிக் குத்தினேன். பொலித்தீன் பையில் சுற்றிய சின்னப் போத்தல் வெளியே வந்தது.

"மன்னாரிலை மணலுக்குள்ளைதானே வைச்சனாங்கள். இஞ்சை அதை விடக் குளிர்தானே, இன்னும் நல்லா இருக்கும் எண்டு நினைச்சன்."

மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பால்போல ஒரே கலங்கலாக இருக்க வேண்டிய மருந்து திரிந்து, திப்பித் திப்பியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உறைந்து இளகிய இன்சுலின், இன்சுலின் அல்ல. வெக்கை கொல்லும் என்று அறிந்த ஊரில், குளிரும் கொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

கோட்டைப் போட்டு அவளைப் படிவரைக்கும் கூட்டிவந்தபோது, சேவியர் ரொட்டியோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

"எங்கை ரெண்டு பேரும் வெளிக்கிட்டிட்டியள்?" பிறகு என் கையைப் பார்த்தார். "அது என்ன?"

"என்ரை மருந்து அண்ணை" என்றாள் ஸ்டெல்லா. "நீங்கள் எறிஞ்சது ஒண்டு. இது மற்றது."

"அப்ப குச்சி?"

"முதல் ரெண்டு நாள் ஊசி. பிறகு பைப் தண்ணியிலை தோய்ச்சனான்."

அவர் கையிலிருந்த ரொட்டி படியில் விழுந்தது. கீழே அவருடைய பழைய காரில் அவளைக் கிடத்தினோம். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. மறுபடியும் இருமல். நான் இறங்கித் தள்ளினேன். புடவை தடுக்கிக் கால் வழுக்கியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டேனிஷ்காரர் உள்செருப்போடு வெளியே வந்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார் உறுமியதும் திரும்பி உள்ளே போய்விட்டார். ஜன்னலில் அவர் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

போகிற வழியெல்லாம் ஸ்டெல்லா ஆழமாக, வேகமாக மூச்சுவிட்டாள். காருக்குள் அந்தப் பழ வாசனை நிறைந்தது. "கதை, ஸ்டெல்லா, ஏதாவது கதை" என்று சேவியர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவள் டேனிஷில் எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்கள் தமிழாயின. பிறகு நின்றன.

மருத்துவமனையில் தாதி போத்தலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "உறைந்தது" என்று ஒரு சொல் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது. நானும் சேவியரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரே ஒரு தரம் பேசினார். "நான் அவளுக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சனான், பிள்ளை." என் கையில் மண் ஒட்டியிருந்தது. விடிகிற நேரத்தில் கதவைத் திறந்து டாக்டர் வந்து, "உங்களைக் கேட்கிறாள். தாகம் அடங்கிவிட்டது, தண்ணீர் வேண்டாம் என்கிறாள்" என்றார். தண்ணீர் வேண்டாம் என்ற அந்தச் செய்தியைப் போல நல்ல செய்தி டென்மார்க்கில் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

திங்களன்று ஆய்வுக்கூடத்தில் சிறுகுறிஞ்சான் சாற்றை நீர்த்து நீர்த்துப் பார்த்தேன். கொல்லாத அளவுக்கு நீர்த்தபோது அது எதுவும் செய்யவில்லை. அடுத்த புட்டியை எடுத்தேன். கிர்ஸ்டன் இன்குபேட்டரைத் திறந்து புதிய திட்டுகளுக்குக் காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஹேர்னிங் போனேன், சரியான பெட்டியில். என் பை அங்கே ரயில் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருந்தாள். மெலிந்து, ஆனால் வாய் அடங்காமல். சேவியர் மிச்ச இலைப் பொட்டலத்தை எடுத்துவந்து, "இதையும் குப்பையிலை போடட்டோ?" என்று கேட்டார்.

"விசரே உங்களுக்கு? இலை என்ன பாவம் செய்தது? கஞ்சி காய்ச்சுவம்" என்றாள் அவள்.

சாப்பாட்டு மேசையிலேயே, எங்கள் எதிரிலேயே, ஊசி போட்டுக்கொண்டாள். மருந்துப் போத்தலைச் சேவியர்தான் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டிக் கொடுத்தார், மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு கஞ்சி குடித்தோம். பிறகு தேநீர். சீனி போட்ட தேநீர் எனக்கும் சேவியருக்கும் வெறும் சுடுதண்ணீராக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாக்கு திரும்பி வருவதற்காக மூவரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சேவியர் எழுந்துபோய்த் தொலைபேசியில், பெண் பார்க்க வரவிருந்த ஒஸ்லோக்காரர்களின் எண்ணைச் சுழற்றினார். சுகம் விசாரிக்கவில்லை, காலநிலை பேசவில்லை.

"என்ரை தங்கச்சி ஊசி போடுறவள். வாழ்நாள் முழுக்கப் போடுவாள். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்" என்றார்.

மறுமுனை என்ன சொன்னது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஸ்டெல்லா கோப்பையைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள். என் தேநீரின் அடியில் இனிப்பு மெல்லத் தெரியத் தொடங்கியது. சேவியர் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, சரியாகக் கேட்காத ஒருவருக்குச் சொல்வதுபோல, அதே வாக்கியத்தை இன்னொரு தரம், இன்னும் உரக்கச் சொன்னார்.